கும்பகோணத்துப் பிள்ளை கேம்பிரிட்ஜில்: கணித மேதை இராமானுஜனின் மாணவ வாழ்வு



படிப்புக்காகக் கடல் கடந்து செல்லும் நம் பிள்ளைகளின் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகிறது. ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் புறப்படுமுன் பெற்றோருடன் வந்து ஆசீர் பெற்றுச் செல்கிறார்கள். விசா கிடைத்ததா, கட்டணம் கட்டியாயிற்றா, எந்தப் பல்கலைக்கழகம் என்றெல்லாம் நாம் விசாரிக்கிறோம். அங்கே என்ன சாப்பிடுவாய், குளிருக்கு என்ன போர்த்துவாய், காய்ச்சல் கண்டால் யார் உன்னைப் பார்ப்பார் என்று கேட்பவர் பெரும்பாலும் தாய் ஒருவரே. அந்தக் கேள்வி எத்துணைப் பெரியது என்பதை, நூறு ஆண்டுகளுக்கு முன் இதே காவிரிப் படுகையிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்ற ஒருவரின் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. அவர்தாம் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

அவருடைய கணிதத்தைப் பற்றி அறிஞர்கள் பெருநூல்கள் எழுதியுள்ளனர். அதற்கான தகுதி நமக்கில்லை. அவர் கேம்பிரிட்ஜில் வாழ்ந்த ஐந்து ஆண்டுகளில் என்ன உண்டார், எப்படி உறங்கினார், யாரோடு பேசினார், நோயுற்றபோது அவரை யார் கவனித்தார்கள் என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

காவிரிக் கரையில்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சன்னதித் தெருவில் ஒரு சிறிய ஓட்டு வீட்டில். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடையில் குமாஸ்தா. தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடிக் குடும்பத்துக்குச் சிறிது வருவாய் சேர்த்தார். அரிசிச் சோறும் ரசமும் தயிரும் ஊறுகாயும் உண்டு, காவிரியில் குளித்து, திண்ணையில் அமர்ந்து கணக்குப் போட்டு வளர்ந்த பிள்ளை அவர்.

டவுன் உயர்நிலைப் பள்ளியில் பரிசுகள் பெற்றார். ஆனால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர வேறு பாடங்களில் மனம் செல்லாமல் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தேர்வில் தோற்றார். காகிதம் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் கணக்குப் போட்டு முழங்கையால் அழிப்பார். 1909இல் ஜானகி என்ற சிறுமியை அவருக்கு மணமுடித்து வைத்தார்கள். 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. இருமுறை தேறாத பிள்ளை என்று இன்று யாரையேனும் நாம் ஒதுக்கிவைத்திருந்தால், இதைச் சற்று நினைத்துப் பார்ப்பது நலம்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரிப் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் கண்டுபிடிப்புகளை எழுதி அனுப்பினார். மூவொரு கடவுளின் திருப்பெயரைத் தாங்கி 1546இல் நிறுவப்பட்ட கல்லூரி அது. எழுதியவர் சாதாரண மனிதர் அல்லர் என்று ஹார்டி உடனே உணர்ந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது. ஆயினும் கடல் கடக்கக் கூடாது என்ற குல வழக்கம் குறுக்கே நின்றது. 1914 தொடக்கத்தில் சென்னைக்கு வந்த நெவில் என்னும் இளம் பேராசிரியர் அவருடன் நட்புக்கொண்டு பேசினார். கோமளத்தம்மாள், தம் குலதெய்வம் நாமகிரித் தாயார் கனவில் இசைவு தந்ததாகக் கூறி, மகனுக்கு விடை கொடுத்தார்.

குடுமி நீங்கிய நாள்

பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுனும் கப்பல் கட்டணமும் உடைச் செலவும் தர இசைந்தது. அந்த 250 பவுனிலிருந்து ஆண்டுக்கு 50 பவுன் கும்பகோணத்துக் குடும்பத்துக்குச் சேர வேண்டும் என்று இராமானுஜன் முதலிலேயே ஏற்பாடு செய்தார். டிரினிடி கல்லூரி தன் பங்காக 60 பவுன் தந்தது.

புறப்படுமுன் தாயையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். அதன் பிறகுதான் குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டார், கோட்டும் காலரும் அணிந்துகொண்டார். அந்தக் கோலத்தைத் தாய் பார்க்க வேண்டாம் என்பது அவர் எண்ணம். 1914 மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்ற கப்பலில் ஏறினார். ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார். சில நாட்களில் நெவில் அவரைக் கேம்பிரிட்ஜில் தம் இல்லத்துக்கே அழைத்துச் சென்றார்.

நெவில் தம்பதியர் அன்புடன் நடத்தினர். எனினும் உப்பும் உறைப்புமின்றி அவித்த காய்கறிகள் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. வெறுங்காலோடு நடந்து பழகிய பாதங்களைப் பூட்ஸ் வருத்தியது. அறைக்குள் செருப்பையே மாட்டிக்கொண்டு நடந்தார். இரண்டு மாதங்கள் போலக் கழித்து, கல்லூரி விடுதியில் ஹியூவெல் கோர்ட் என்ற பகுதியில் குடியேறினார். ஹார்டியின் அறைக்கு எளிதில் நடந்து போகலாம் என்பது அதற்குக் காரணம்.

அறையில் ஓர் அடுப்பு

ஆங்கிலக் கல்லூரிகளில் பொது உணவு மண்டபம் வெறும் சாப்பாட்டு இடமன்று. மாணவரும் ஆசிரியரும் பழகி உறவு கொள்ளும் இடம் அதுவே. இராமானுஜன் அங்கே உண்ண இயலவில்லை. புலால் உண்பதில்லை என்று தாய்க்கு வாக்களித்திருந்தார். காய்கறியையும் பன்றிக்கொழுப்பில் வதக்கியிருப்பார்களோ என்ற ஐயம் அவருக்கு இருந்தது. எனவே தம் அறையிலேயே சிறு காஸ் அடுப்பில் சமைத்துக்கொண்டார். விதை நீக்கிய புளியும் நல்ல தேங்காய் எண்ணெயும் பார்சலில் அனுப்பும்படி ஊருக்கு எழுதினார். அன்னிய நாட்டில் தனியே இருந்து ஒரு விரதத்தை ஐந்து ஆண்டுகள் காப்பது எளிதன்று என்பதைத் தவக்காலத்து நாற்பது நாட்களுக்கே தடுமாறும் நாம் அறிவோம். வாக்கைக் காத்தார். ஆனால் அதனாலேயே மற்றவரோடு அமர்ந்து உண்ணும் ஒரு வேளையும் அவருக்கு இல்லாமற்போயிற்று.

அந்நாளில் கிங்ஸ் கல்லூரியில் படித்த வங்காள மாணவர் மகலனோபிஸ், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் பெயர்பெற்றவர், அடிக்கடி அவர் அறைக்கு வருவார். ஒருநாள் ஒரு சஞ்சிகையில் வந்த கணக்குப் புதிரை அவர் படித்துக் காட்ட, இராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டே விடையைச் சொன்னார். அந்த ஒரு வினாவுக்கு மட்டுமன்று, அவ்வகை வினாக்கள் அனைத்துக்குமான விடை அது.

அதே மகலனோபிஸ் மற்றொரு நாள், இரவில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டார். குளிருகிறது, ஓவர்கோட்டை மாட்டிச் சால்வையும் போர்த்திக்கொண்டு படுக்கிறேன் என்றார் இராமானுஜன். மகலனோபிஸ் படுக்கையறைக்குச் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. மெத்தையின் ஓரங்களில் அவை இறுகச் செருகப்பட்டிருந்தன, மேலே ஒரு விரிப்பு. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மார்கழிப் பனியைத் தவிர வேறு குளிர் அறியாத கும்பகோணத்துப் பிள்ளை, கம்பளிகளின் மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறார். உலகம் வியந்த அறிவாளிக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக்கொடுக்க ஒரு நண்பரின் ஒரு கேள்வி போதுமாக இருந்தது. அதைக் கேட்க அதுவரை ஒருவரும் இல்லை.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1916இல் சட்டர்ஜி என்ற இந்திய மாணவரையும், அவருக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணையும், மற்றொரு பெண்மணியையும் தம் அறைக்கு விருந்துக்கு அழைத்தார். தாமே ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டாம் முறையும் பரிமாறினார். மூன்றாம் முறை பெண்கள் வேண்டாம் என்றனர். சிறிது நேரத்தில் இராமானுஜனைக் காணோம். நெடுநேரம் காத்திருந்தும் வரவில்லை. சில நாட்கள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து சட்டர்ஜிக்குத் தந்தி வந்தது, ஐந்து பவுன் அனுப்பும்படி. தம் விருந்தை அவர்கள் புறக்கணித்ததாக எண்ணி மனம் புண்பட்டு, கையிலிருந்த காசோடு இரயிலேறிவிட்டார். நம் ஊரில் பந்தியில் இலையை மறைத்து வேண்டாம் என்றால் பரிமாறுபவர் முகம் வாடுவதை நாம் பார்த்திருக்கிறோம். தனிமையில் வாடியவருக்கு அந்தச் சிறு மறுப்பும் பெரும் காயமாயிற்று.

போரும் கடிதங்களும்

அவர் சென்ற நான்காம் மாதத்திலேயே, 1914 ஆகஸ்டில், முதல் உலகப்போர் மூண்டது. டிரினிடி கல்லூரியின் ஒரு முற்றமே காயமுற்ற வீரர்களுக்கு மருத்துவமனை ஆயிற்று. மாணவர்கள் போர்முனைக்குப் போயினர். கணிதத் துணைவர் லிட்டில்வுட் பீரங்கிப் படைப் பணிக்குச் சென்றார். காய்கறியும் பழமும் பாலும் அரிதாயின. நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சத்தால் தபாலும் பார்சலும் தடைப்பட்டன.

இந்நிலையிலும் படிப்பு நின்றதில்லை. சில வேளைகளில் இரவு பகல் பாராது உழைத்து, பிறகு நெடுநேரம் உறங்குவார். உணவுக்கு நேரமில்லை, உறக்கத்துக்கு ஒழுங்கில்லை. 1916 மார்ச்சில் ஆராய்ச்சிக்காகப் பி.ஏ. பட்டம் பெற்றார். இங்கிலாந்திலிருந்த காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகள் வெளிவந்தன. அவற்றுள் ஹார்டியோடு சேர்ந்து எழுதிய ஒன்றை எளிதாக விளக்கலாம். நான்கு மரக்கால் நெல்லைக் களத்தில் மரக்கால் கணக்கில் குவியல்களாக வைப்பதற்கு வழிகள் ஐந்து: நான்கும் ஒரே குவியல், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனி. நூறு மரக்காலுக்கு வழிகள் 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292. எண் எவ்வளவு பெரிதாயினும் விடைக்கு இட்டுச் செல்லும் சூத்திரத்தை அவ்விருவரும் கண்டனர்.

ஹார்டி நல்லவர், நேர்மையாளர். ஏறத்தாழ நாள்தோறும் இருவரும் சந்தித்தனர். ஆனால் பேச்செல்லாம் கணிதமே. இராமானுஜனின் இளமைக் கல்வி பற்றிக் கேட்டிருக்கலாம், நாள்தோறும் புதுப்புதுத் தேற்றங்களைக் காட்டுபவரிடம் அதைக் கேட்பது பொருந்தாததாகத் தோன்றியது என்று பிற்காலத்தில் அவரே வருந்தி எழுதினார்.

வீட்டிலிருந்தும் ஆறுதல் வரவில்லை. முதலில் மாதந்தோறும் பல கடிதங்கள் எழுதிய இராமானுஜன், நாளடைவில் எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். கும்பகோணத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் மனத்தாங்கல் முற்றியிருந்தது. தாம் எழுதிய கடிதங்கள் கணவரைச் சேரவில்லை என்று ஜானகி அம்மாள் பின்னாளில் கூறினார். மனைவி ஏன் எழுதவில்லை என்று அங்கே அவர் ஏங்க, கணவர் ஏன் எழுதவில்லை என்று இங்கே இவர் ஏங்கியிருந்தார்.

நோய்

1917ஆம் ஆண்டு இளவேனிலில் இராமானுஜன் நோயுற்றார். கேம்பிரிட்ஜ் மருத்துவ இல்லம் ஒன்றில் தொடங்கி, சானடோரியம் சானடோரியமாக மாறினார். அவற்றுள் ஒன்று மெண்டிப் மலைப்பகுதியில் இருந்தது. அதை நடத்தியவர் சவுரி முத்து என்ற நம் நாட்டு மருத்துவர். பின்னாளில், 1928இல், தாம்பரம் சானடோரியத்தை நிறுவியவரும் அவரே. ஆனால் அங்கும் இராமானுஜன் நெடுநாள் தங்கவில்லை.

டர்பிஷயரில் மாட்லாக் என்ற இடத்தில்தான் அவர் நெடுங்காலம் இருந்தார். காசநோய் என்று மருத்துவர்கள் கருதினர். திறந்த சன்னல்களும் குளிர்ந்த காற்றுமே அந்நாளைய மருத்துவம். அறையில் கணப்பு இல்லை. குளியலறை மட்டும் கதகதப்பாக இருப்பதால், நாள்தோறும் ஒரு மணி நேரம் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு அங்கே சென்று கணக்கு எழுதப்போவதாக ஹார்டிக்கு எழுதினார். அவர் விரும்பும் உணவைச் சமைக்க அங்கே யாருக்கும் தெரியவில்லை. உடல் இளைத்தது. 1918இல் இராமலிங்கம் என்ற தமிழ்ப் பொறியாளர் அவரைத் தேடிவந்து உடனிருந்து, நோயாளிக்கு முதலில் வேண்டியது ஏற்ற உணவே என்று ஹார்டிக்கு விரிவாகக் கடிதம் எழுதினார். அந்த அன்பரின் பெயரை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

மனமும் சோர்ந்தது. 1917இல் டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோ பதவிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. 1918இன் முற்பகுதியில் இலண்டனில் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, இறையருளால் காப்பாற்றப்பட்டார். ஹார்டி காவல்துறையினரிடம் பேசி அவரை மீட்டார். இதை எழுத நம் கை தயங்கினாலும் மறைப்பது தவறு. அறிவிற் சிறந்தவர், பக்திமான், தாய்க்கு இனிய மகன், அவருக்கும் இப்படியொரு இருள் வந்தது. எனவே நம் பிள்ளை ஒருவன் மனம் சோர்ந்து பேசினால், விசுவாசம் குறைந்தவன் என்று கண்டிக்காமல் உடனே அவன் அருகே போய் நிற்பதே நம் கடமை.

பெருமை வந்தபோது

1918 மே மாதம் அவர் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமை பெற்ற இரண்டாம் இந்தியர் அவர். அக்டோபரில் டிரினிடி கல்லூரியும் அவரைத் தன் ஃபெல்லோவாக்கியது. அதில் அவரே முதல் இந்தியர். பட்னி மருத்துவ இல்லத்தில் அவர் படுத்திருந்தபோது, தாம் வந்த டாக்சியின் எண் 1729 சுவையற்றது என்று ஹார்டி சொல்ல, இரண்டு கன எண்களின் கூட்டாக இரு வகையில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அதுவே என்று அவர் விடையளித்தது உலகறிந்த செய்தி.

நம் உள்ளத்தை அதைவிடத் தொடுவது வேறொன்று. சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் தர முன்வந்தது. 1919 ஜனவரியில், நோய்ப்படுக்கையிலிருந்து அவர் பதில் எழுதினார். அத்தொகை தமக்கு மிகுதி என்றும், பெற்றோருக்கு 50 பவுனும் தம் அவசியச் செலவும் போக எஞ்சியதை ஏழைப் பிள்ளைகள், அனாதைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். காகிதத்துக்குக் காசின்றிச் சிலேட்டை முழங்கையால் அழித்தவர் அதை மறக்கவில்லை.

இரண்டு பாத்திரங்கள்

1919 மார்ச்சில் தாய்நாடு திரும்பினார். காவிரிக் கரைக் கொடுமுடியிலும், பிறகு கும்பகோணத்திலும், இறுதியில் சென்னையிலும் வைத்தியம் நடந்தது. சென்னையில் மனைவி வந்து சேர்ந்தார். கணவரோடு ஜானகி அம்மாள் உண்மையில் வாழ்ந்தது இந்த ஓராண்டுதான். வேளை தவறாமல் சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்தார். வலி என்றபோது காலிலும் மார்பிலும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார். படுக்கையில் கிடந்தபடியே இராமானுஜன் கணிதம் எழுதினார். அந்த ஆண்டில் எழுதிய தாள்கள் 1976இல் டிரினிடி கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. இன்றும் அறிஞர்கள் அவற்றை ஆராய்கிறார்கள்.

1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் தம் 32ஆம் வயதில் இராமானுஜன் காலமானார். அவருடைய நோய்க் குறிப்புகளை ஆராய்ந்த யங் என்பவர், அது காசநோய் அன்று, அமீபாக் கிருமியால் கல்லீரலில் உண்டாகும் நோயாக இருக்கலாம் என்று 1994இல் எழுதினார். அவர் கருத்து சரியாயின், சரிவரக் கண்டறிந்திருந்தால் அந்நாளிலேயே அதைக் குணப்படுத்தியிருக்க முடியும்.

ஜானகி அம்மாள் திருவல்லிக்கேணியில் தையல் தொழில் செய்து வாழ்ந்து 1994இல் மறைந்தார். கணவருக்கு வெந்நீர் வைத்த இரண்டு பாத்திரங்களை முதுமையிலும் பத்திரமாக வைத்திருந்தார்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

இன்று தொலைபேசி உண்டு, முகம் பார்த்துப் பேசலாம். ஐரோப்பிய நகரங்களில் புளியும் ஊறுகாயும் கடையிலேயே கிடைக்கின்றன. ஆயினும் தனிமை மறைந்துவிடவில்லை. பெற்றோரே, பிள்ளையோடு பேசும்போது மதிப்பெண்ணையும் வேலையையும் பிறகு கேளுங்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, யாரோடு பேசினாய் என்று முதலில் கேளுங்கள். வீட்டுச் சச்சரவுகளில் பிள்ளையின் மனைவியையோ கணவனையோ அவர்களிடமிருந்து பிரித்துவிடாதீர்கள்.

பிள்ளைகளே, உடல் நலமில்லை, மனம் சரியில்லை என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். நீங்கள் சேரும் ஊரில் முதல் ஞாயிறன்றே அருகிலுள்ள ஆலயத்துக்குச் செல்லுங்கள், அங்குள்ள குருவிடம் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். உங்கள் விடுதியில் நம் பக்கத்துப் பிள்ளை ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு தனியே சமைத்துக்கொண்டிருந்தால், அவர் எம்மதத்தவராயினும் அந்தக் கதவைத் தட்டுங்கள். இரவில் குளிர் தாங்குகிறதா என்று கேளுங்கள். அவர் பரிமாறும் ரசத்தை மூன்றாம் முறையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் படிக்கும் நம் பங்குப் பிள்ளைகளின் பெயர்களையும் முகவரிகளையும் பெற்றோர் பங்கு அலுவலகத்தில் எழுதிக்கொடுக்குமாறு இந்த விழா ஆண்டில் வேண்டுகிறோம். கிறிஸ்து பிறப்புக்கும் பொங்கலுக்கும் பங்கின் பெயரால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதுவோம். இறைவன் அவர்களைத் தம் சிறகின் நிழலில் காத்தருள்வாராக!